அப்பாவின் தொடைத் தசை

கரம்பொன்
02.06.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷாருஜன் இப்போதுதான் பால் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தான். அவன் நித்திரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது. கடிதம் பாதியில் நின்றால் கோவிக்காதேங்கோ.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் கத்துவது உங்கள் காதுக்கு ஏறுவதில்லை. அம்மா வாங்கி, நான் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு, நீங்கள் சொல்லாததையும் சேர்த்து எனக்குச் சொல்கிறா. நேற்றும் "அப்பா எப்பிடி?" என்று கேட்டேன். "அவருக்கென்ன, ராசா மாதிரிக் கட்டிலிலை இருக்கிறார்" என்றா. அதுதான் எனக்குப் பயம்.

சைக்கிளால் விழுந்து கால் எலும்பு வெடித்தது சித்திரையில். எலும்பு பொருந்திவிட்டது என்று டொக்டர் சொல்லி, பிளாஸ்டரையும் வெட்டிவிட்ட பிறகு கட்டிலில் என்ன வேலை? வெட்டின அன்று உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்த உங்கள் மருமகன் சதீசன் ஒரு படம் எடுத்து அனுப்பினார். இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில். இடது தொடை உங்களுடையது மாதிரியே இல்லை அப்பா. யாரோ மெலிந்த ஆளின் காலைக் கொண்டுவந்து பூட்டின மாதிரி. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஜூலையில் ஷாருஜனுக்கு ஆறாம் மாதம். நயினாதீவு அம்மாள் கோயிலில் சோறு தீத்த வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மப்பா தரையில் சப்பாணி கட்டி இருந்து, பிள்ளையை மடியில் வைத்து முதல் வாய் தீத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பி அம்மாளைச் சுற்றி வர வேண்டும். இருந்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். எழும்புவீர்களோ? "கதிரை போடலாம்தானே" என்று மாமி சொல்கிறா. நான் என்ன சொல்ல?

நெடுந்தீவுக்கு வந்து உங்களைப் பார்க்கத்தான் மனம். படகை ஆட்டுகிற இந்தச் சோளகக் காற்றில் கைப்பிள்ளையோடு ஒரு மணித்தியாலம் கடலில் வர எனக்குத் துணிவில்லை. காலைப் பற்றி உண்மையை எழுதுங்கோ. அம்மாவிடம் காட்டாமல்.

அன்பு மகள்
கோசலா


நெடுந்தீவு
08.06.2024

மகள் கோசலாவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை முதலில் பிரித்து வாசித்தது உன் அம்மாதான். "காட்டாமல்" என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. அன்று கறிக்கு உப்பில்லை.

உண்மை கேட்டாய். கட்டிலால் எழும்ப உன் அம்மா இரஞ்சிதம் வேண்டும். கிணற்றடிக்குப் போக இரஞ்சிதமும் ஊன்றுபொல்லும் வேண்டும். நான் சற்று அசைந்தாலே குசினியில் இருந்து ஓடிவந்து கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கிவிடுகிறா. "விடுமப்பா, நான் எழும்புறன்" என்றால், "விழுந்து மற்றக் காலையும் முறிக்கவோ?" என்கிறா. பயப்படுகிற விஷயத்தில் தாயும் மகளும் ஒரே அச்சு.

கால், கிணற்றடியில் தேய்த்துக் குளிக்கிற சவர்க்காரம் மாதிரிக் கரைந்துபோச்சு. அறுபத்தாறு வயதில் கரைந்தது கரைந்ததுதான். நீ உயிரியல் படிப்பிக்கிற ஆள். கரைந்த சவர்க்காரம் திரும்பக் கட்டியாகும் என்று உன் புத்தகத்தில் எங்காவது இருந்தால் எழுது.

கதிரைக் கதை வேண்டாம். பேரனுக்குச் சோறு தீத்துகிறவன் தரையில் இருந்து தீத்த வேண்டும். எனக்கு ஏலாவிட்டால் உன் மாமனார் தீத்தட்டும். நான் கோவிக்க மாட்டேன். இந்தக் கடைசி வரியை எழுத எனக்கு ஒரு முழுநாள் எடுத்தது.

பேரனுக்கு என் முத்தம்.

குலசிங்கம்


கரம்பொன்
13.06.2024

அன்புள்ள அப்பா,

சவர்க்காரம் இல்லை. உங்கள் தசை கரையவில்லை, மெலிந்திருக்கிறது. இரண்டும் வேறு. இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

தொடைக்குள்ளே நீளநீளமான நார்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒவ்வொரு நாரும் ஒரு தனி உயிர்க்கலம், இங்கிலீஷில் செல். மற்றக் கலங்களுக்கு அநேகமாகக் கரு ஒன்றுதான். இந்தக் கலம் நீளமானதால் அதற்குள் கருக்கள் நிறைய. கால் மெலியும்போது நார்கள் பெரும்பாலும் ஒல்லியாகின்றன, செத்துப்போவதில்லை. வேலை கொடுத்தால் திரும்பத் தடிக்கும். தசை பெருப்பது நார்கள் பெருகுவதால் அல்ல, இருக்கிற நார் தடிப்பதால்தான்.

இன்னொன்று கேளுங்கோ. நாரின் தோலுக்கும் அதைச் சுற்றியிருக்கிற மெல்லிய உறைக்கும் நடுவே சின்னச் சின்னக் கலங்கள் ஒட்டிப் படுத்திருக்கும். சற்றலைற் கலங்கள் என்பார்கள். எங்கள் வளவு மதிலைப் பாருங்கோ, சாந்தில்லாமல் அடுக்கின கல். மதிலடியில் உதிரிக் கற்கள் சும்மா கிடக்கும். மாடு இடித்து மதில் சரிந்தால் எடுத்து அடுக்குகிறது அந்தக் கல்லைத்தானே? அதுபோலத்தான். நாருக்குப் பாரம் விழுந்தால் இவை நித்திரையால் எழும்பிப் பெருகும். சில போய் நாரோடு சேர்ந்து தங்கள் கருவையே அதற்குக் கொடுத்துவிடும். மீதி பழையபடி படுத்துவிடும், அடுத்த முறைக்கு.

அவற்றை எழுப்புவது பாரம். நார் பாரத்தை எதிர்த்து இழுபடும்போது அந்த இழுவையை நாரின் ஓரத்தில் இருக்கிற புரதங்கள் உணர்ந்து உள்ளே சேதி அனுப்பும். உள்ளே எம்ரோர் என்று ஒன்று, மேசன்மாருக்கு மேலே நிற்கிற ஓவர்சியர் மாதிரி. அவர் இரண்டு கேள்வி கேட்பார். இழுவை வந்ததோ? கட்டுவதற்குச் சாமான் இருக்கோ? சாமான் என்றால் சாப்பாட்டுப் புரதத்தில் இருந்து வருகிற அமினோ அமிலம். இரண்டுக்கும் "ஓம்" என்றால்தான் வேலை மும்முரமாக நடக்கும். அந்த வேலையும் நாருக்குப் பாரம் விழுகிற நேரத்தில் இல்லை, அதற்குப் பிறகு ஒன்று இரண்டு நாளாக நடக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கும்போது அந்த இழுவை யாருக்குப் போகிறது? அம்மாவின் கைக்கு. அவவின் கை பெருக்கும், உங்கள் கால் மெலியும்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி காட்டின நிமலினி மிஸ்ஸோடு கதைத்தேன். சாப்பாட்டு மேசைக் கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்து, இருந்து எழும்பச் சொன்னா. முதலில் கையை ஊன்றி. பிறகு ஊன்றாமல். பிறகு தண்ணீர்க் கானை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. கானில் தண்ணீரைக் கிழமைக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கடைசி இரண்டு மூன்று எழும்பல் கஷ்டமாக இருக்க வேண்டும். லேசாக இருந்தால் நார் அதைக் கணக்கெடுக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். எலும்பில் நோ வந்தால் உடனே நிற்பாட்ட வேண்டும்.

ஷாருஜன் முனகுகிறான். குப்புறப் போடச் சொல்லி மருத்துவிச்சி மரியநாயகி மிஸ் ஒவ்வொரு தரமும் சொல்கிறா. போட்டால் முனகல், தலையைத் தூக்க ஏலாமல் ஒரு சிணுங்கல். என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, உடனே தூக்கிவிடுவேன். ஓடுகிறேன்.

கோசலா


நெடுந்தீவு
23.06.2024

மகளுக்கு,

கதிரைப் பயிற்சி நடக்கிறது. உன் அம்மாவைத் தூர நிறுத்தி வைப்பதுதான் பெரிய பயிற்சி. இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, சாமி கும்பிடுகிற முகத்தோடு நிற்கிறா. நான் எழும்ப அவவின் வாய் "அம்மாளாச்சி" என்கிறது.

நேற்று அடுத்த வளவு நடராசா வந்தான். நான் எழும்புவதும் இருப்பதுமாக இருப்பதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "என்ன குலசிங்கம், கதிரைக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிறாய்? ஏதும் பெரிய ஆள் இருக்கிறாரோ அதிலை?" என்றான். "நீயும் வந்து ஒருக்கா இருந்து எழும்பிப் பார்" என்றேன். ஏழாவது தரம் அவனுக்குச் சந்தைக்குப் போகிற அலுவல் ஞாபகம் வந்துவிட்டது.

பலன் தெரிகிறது பிள்ளை. இப்போது கையை ஊன்றாமல் எழும்புகிறேன். களைப்புத்தான் அதிகம். ஒருநேரச் சாப்பாட்டோடு இது கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கிறது. அதை உனக்குச் சொல்லவில்லையோ? பிளாஸ்டர் வெட்டின அன்று நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்துகொண்டேன். கால் சரிவந்து அவவின் வாசலுக்கு வரும்வரை ஒருநேரச் சாப்பாடு, அதுவும் சைவம்.

கடைசியில் ஒன்று. நீ எழுதினதைத் திருப்பி உனக்கே கேட்கிறேன். குப்புறக் கிடந்து முனகுகிறவனை நீ தூக்கும்போது அந்த இழுவை யாருக்குப் போகிறது?

அப்பா


கரம்பொன்
26.06.2024

அப்பா,

கேள்வி சரி. அதற்கு மறுமொழி பிறகு சொல்கிறேன். முதலில் மற்றது.

ஒருநேரச் சாப்பாடா? இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை? அம்மாவிடம் போனில் கேட்டால் "அவர் சாப்பிடுறார், சாப்பிடுறார்" என்றா. ஓம், ஒருக்கால் சாப்பிடுகிறீர்கள்!

ஓவர்சியரின் இரண்டாவது கேள்வியை மறந்துவிட்டீர்களோ? இழுவை வருகிறது, சாமான் இல்லை. வயது போகப் போகத் தசைக்குக் காது மந்தமாகும் அப்பா, உங்களுக்குப் போனில் கேட்கிறது போலத்தான். இளம் ஆளுக்குப் போதுமான புரதம் உங்களுக்குக் காணாது. கூடக் கொடுத்தால்தான் கேட்கும். மத்தியானம் சோறும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு அடுத்த மத்தியானம்வரை இருந்தால், உடம்பு தனக்கு வேண்டியதை எங்கிருந்து எடுக்கும்? இருக்கிற தசையை உடைத்துத்தான். ஒருபக்கம் கட்ட மற்றப் பக்கம் பிடுங்குகிற வேலை.

நீங்கள் என்ன நேர்ந்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கோ. கால் சரிவந்தால் விரதம் முடியும். விரதம் முடிந்தால்தான் கால் சரிவரும். இந்த முடிச்சை யார் அவிழ்ப்பது? அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேர்த்தியை மாற்றுங்கோ. ஒரு பட்டுச் சாத்தலாம், பால் செம்பு எடுக்கலாம், நானே எடுக்கிறேன். தயவுசெய்து.

கோசலா


நெடுந்தீவு
02.07.2024

கோசலா,

அம்மாளோடு நான் கதைத்ததை நீ திருத்தத் தேவையில்லை. அது பள்ளிக்கூடக் கொப்பி இல்லை.

கால் நல்லாய் இருக்கிறது. பதினான்காம் தேதி காலைப் படகில் வருகிறோம். குறிகட்டுவான் துறையில் நில்லுங்கள், ஒன்றாய் நயினாதீவுக்குப் போகலாம்.

அப்பா


கரம்பொன்
19.07.2024

அன்புள்ள அப்பா,

ஐந்து நாளாக எழுத எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். நீங்களும் எழுதவில்லை.

அன்று குறிகட்டுவானில் வெயிலுக்கு முதலே வந்துவிட்டோம். பிள்ளைக்குப் புதுச் சட்டை, பொங்கலுக்குப் பச்சையரிசி, எல்லாம். படகு வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நீங்கள் இல்லை. கடைசியாக நடராசா அண்ணை இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, அப்பா துறைக்கு நடந்துதான் வந்தவர், அதைச் சொல்லவேணும். படகு சரியான ஆட்டம். இடது காலைப் படகிலை வைச்சு ஏறேக்கை முழங்கால் மடங்கிப்போச்சு. நான் பிடிச்சிட்டன், விழேல்லை. பிறகு 'நீ போ, நான் வரேல்லை' எண்டிட்டார்" என்றார்.

மாமனார், "நான் தீத்தட்டோ?" என்று கேட்டார். நல்ல மனுஷன், ஆசையாய்த்தான் கேட்டார். நான் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றேன். சதீசன்தான், "ஆம்பிளைப் பிள்ளைக்கு ஆறாம் மாதம் தவறினால் எட்டு. பொறுப்பம்" என்று சொல்லிப் பையைத் தூக்கினார். பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளை சிரித்துக்கொண்டே வந்தான். நான்தான் அழுதேன்.

உங்கள் கால் உங்களை ஏமாற்றவில்லை. ஜூனில் நீங்கள் கண்ட பலன் தசை தடித்த பலன் இல்லை, பெரும்பாலும் நரம்பின் பலன். கட்டிலில் கிடந்த நாட்களில் நரம்பு நார்களைக் கூப்பிட மறந்திருந்தது. நீங்கள் எழும்பி எழும்பி இருக்க, ஒவ்வொரு தரமும் கூட ஆட்களை வேலைக்குக் கூப்பிடப் பழகியது. அதனால்தான் கெதியாய்ப் பலம் வந்தது. நார் தடிப்பது அதற்குப் பிறகு, கிழமைக் கணக்காக, மெதுவாக. அது தொடங்கத்தான் சாமான் வேண்டும். ஆடுகிற படகில் ஒற்றைக் காலில் முழு உடம்பையும் தூக்க, கூப்பிடத் தெரிந்த நரம்பு மட்டும் காணாது.

நேர்த்தியைப் பற்றி இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். எட்டாம் மாதம் செப்டெம்பரில் வரும். நீங்கள் தீத்தாமல் அவன் கோயிலில் வாய் திறக்க மாட்டான். ஆறு மாதம் முடிந்ததும் வீட்டில் குழைசோறு தொடங்கத்தான் வேண்டும் என்று மரியநாயகி மிஸ் சொல்லிவிட்டா. மாமிக்குத் தெரியாமல் தொடங்கப்போகிறேன். அம்மாள் மன்னிப்பா, மரியநாயகி மிஸ் மன்னிக்க மாட்டா.

கோவமோ அப்பா?

கோசலா


நெடுந்தீவு
11.08.2024

அன்பு மகளுக்கு,

கோவம் உன்னோடு இல்லை. துறையில் நின்ற சனத்துக்கு முன்னால் மடங்கின முழங்காலோடு. ஒரு கிழமை கதிரைப் பக்கமே போகவில்லை. கட்டிலில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். உன் கடிதம் வந்தது. உன் அம்மா அதை உரத்து வாசித்தா, முழுத் தெருவுக்கும் கேட்க. "நீங்கள் தீத்தாமல் அவன் வாய் திறக்க மாட்டான்" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தா. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாவாம்.

அன்று பின்னேரம் விளக்கு வைத்தவுடன் சாமி அறையில் அவித்த கடலை படைத்தா. கற்பூரம் காட்டினா. பிறகு ஒரு கோப்பை நிறையக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினா.

"என்னப்பா இது? நான் ஒருநேரமெல்லோ."

"சாப்பாடோ இது? பிரசாதம். அம்மாளின்ரை பிரசாதத்தை வேண்டாமெண்டு போட்டு, அவவிட்டையே காலும் கேப்பியளோ?"

கோப்பையை வாங்கினேன். சாப்பிட்டேன். அடுத்த நாள் பயறு. மற்ற நாள் உழுந்து வடை, மூன்று. காலையில் ஒரு பெரிய தம்ளர் பால், பின்னேரம் தயிர். "பாலும் பழமும் விரதகாரருக்கு விலக்கோ?" என்று அதற்கும் நியாயம் வைத்திருக்கிறா. மத்தியானச் சோற்றில் பருப்பு இப்போது கறியாக இல்லை, சோறுதான் பருப்புக்குத் தொட்டுக்கொள்ள. ஐயரிடமும் கேட்டுவிட்டாவாம். பிரசாதத்தை மறுப்பதுதான் குற்றம் என்று அவர் சொன்னதாகச் சொல்கிறா. ஐயரிடம் நான் போய் விசாரிக்கவில்லை. உன் அம்மாளும் என் அம்மாளும் இரஞ்சிதத்துக்கு முன்னால் என்ன செய்ய முடியும்?

ஒருநேரச் சாப்பாடு குறையாமல் நடக்கிறது. தண்ணீர்க் கான் நிறைந்துவிட்டது. இப்போது வளவு மதில் கல் ஒன்றைச் சாக்கில் கட்டிப் பிடித்துக்கொண்டு எழும்புகிறேன். நடராசாவும் வருகிறான், சந்தை அலுவல் முடிந்துவிட்டதாம். கிழமைக்கு இரண்டு தரம் தரையில் இருந்து எழும்பிப் பார்க்கிறோம். அவனுக்கு வயிறு தடை, எனக்கு இடது கால் தடை. காற்சட்டை தொடையில் இறுக்குகிறது என்றேன். "அப்ப தையல் பிரிச்சு விடவோ?" என்று உன் அம்மா கேட்டா. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்டா.

குப்புறக் கிடக்கிறவன் எப்படி?

அப்பா


கரம்பொன்
25.08.2024

என் அன்பு அப்பா,

மாமி "என்ன பிள்ளை, தனியச் சிரிக்கிறீர்?" என்று கேட்கும்வரை சிரித்தேன். அம்மாவுக்கு ஒரு முத்தம், சத்தமாக.

குப்புறக் கிடக்கிறவன் கதையைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு நித்திரையைக் கெடுத்தது. பாய் விரித்துப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டேன். முனகினான். சிணுங்கினான். தலையைத் தூக்கினான், விழுத்தினான், மூக்கைப் பாயில் தேய்த்தான். நாளுக்கு நாள் தலை மேலே போனது. பிறகு நெஞ்சு. இப்போது இரண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்து, பல்லி மாதிரிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அலுமாரிக் கீழ்ப்பக்கத்தை நோக்கி அரக்கி அரக்கி நகருகிறான். அங்கே என்ன தூசு இருக்கோ, எறும்பு இருக்கோ என்று இப்போது அதற்குப் பயம்.

செப்டெம்பர் பதினைந்து. காற்றும் அதற்குள் அடங்கும் என்று சொல்கிறார்கள். அவன் பாரம் கூடிவிட்டான் அப்பா. ஜூலையில் இருந்த பிள்ளை இல்லை. அவன் துள்ளுவான், வழுக்குவான், கல்லுப் போலச் சும்மா இருக்க மாட்டான். நான் கதிரை கொண்டுவர மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருப்பேன்.

உங்கள் கோசலா


நெடுந்தீவு
18.09.2024

அன்பு மகள் கோசலாவுக்கு,

வந்து சேர்ந்தோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. துறையில் இறங்கும்போது ஒரு பொடியன் கை நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, பிறகு பிடித்துக்கொண்டேன். படகால் இறங்க யாரும் கை பிடிக்கலாம், அதில் வெட்கமில்லை.

அன்று இரவே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன், இரண்டாம் நேரமாக. உன் அம்மா முன்னால் இருந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தா. "விரதம் முடிஞ்சுது, இனிப் பிரசாதம் இல்லையோ?" என்று கேட்டேன். "வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்றா. நேற்றும் கடலை வந்தது.

இரண்டு தொடையும் நோகிறது, படி இறங்கும்போது முனகுகிறேன். நல்ல நோ, எலும்பில் இல்லை. நாளைக்கு மறுபடி கதிரைக்கு மரியாதை.

ஒன்றை உனக்கு எழுதத்தான் பேனை எடுத்தேன். கோயிலில் அவ்வளவு சனத்துக்குள் சொல்ல வரவில்லை, போனில் சொன்னால் உன் அம்மா கேட்டுவிடுவா. அவன் முதல் வாய்ச் சோற்றைத் துப்பி, இரண்டாம் வாயை விழுங்கின பிறகு, நான் இடது காலை மடித்து வலது காலை ஊன்றி எழும்பத் தொடங்கினேன். பாதியில் ஒரு இடம் இருக்கிறது, இருப்பும் இல்லை நிற்பும் இல்லை. அதில் கொஞ்சம் நின்றுவிட்டேன். அப்போது உன் இரண்டு கையும் பிள்ளைக்குக் கீழே இருந்ததை நான் கண்டேன். உன் அம்மாவின் கை என் கக்கத்துப் பக்கம் வந்ததையும் கண்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு கையை எடுத்தாய். எடுத்துவிட்டு அம்மாவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டாய்.

அதுவரை, பிள்ளை ஒரு பாரமும் இல்லையே, இதற்கோ இவ்வளவு நாளும் கல்லைத் தூக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கையை எடுத்த பிறகுதான் அவனுடைய முழுப் பாரமும் எனக்கு வந்தது.

நல்ல பாரமாய் இருக்கிறான் பிள்ளை. நல்லாய் வளர்த்திருக்கிறாய்.

அப்பா